உயரம் இருந்தால் போதுமா? கூடைப்பந்து அணிகள் நாளைய ‘சென்டர்’களை உருவாக்குவது எப்படி?

டி.கல்லுப்பட்டி பேருந்து நிறுத்தத்தில் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஆறடி இரண்டு அங்குல உயரத்தில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ராஜபாளையம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெரியவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். “ஏப்பா, இன்னும் வளருவியா?” என்று ஒருவர் கேட்பார். “பேசாம பாஸ்கெட்பால் ஆடப் போ தம்பி, கவர்மெண்ட் வேலையே கெடைக்கும்” என்பார் இன்னொருவர்.

இரண்டாமவர் சொன்னதில் பாதி உண்மை. உயரமான பையன்களைக் கூடைப்பந்து தேடுகிறது. ஆனால், கண்டுபிடித்த பையனை வீரனாக்க ஏழெட்டு ஆண்டுகள் பிடிக்கும். அந்த ஆண்டுகளை யார் பொறுமையாகத் தாங்குகிறார்கள் என்பதில்தான் ஓர் அணியின் எதிர்காலமும், அந்தப் பையனின் வாழ்க்கையும் இருக்கிறது.

நெட்டை வீரர் ஏன் இவ்வளவு முக்கியம்?

கூடையின் வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர், அதாவது 10 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த வளையத்துக்குக் கீழே நடப்பதுதான் ஆட்டத்தின் பாதி. தவறிய பந்தைப் பிடிப்பது (ரீபவுண்ட்), எதிரணியின் வீச்சைத் தட்டிவிடுவது, நம் ஆட்டக்காரருக்கு வழிவிட்டு எதிராளியை மறித்து நிற்பது எல்லாம் அங்கே நிற்கும் ‘சென்டர்’, ‘பவர் ஃபார்வர்டு’ ஆகியோரின் வேலை.

குட்டையான, வேகமான வீரர்கள் பந்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். வளையத்துக்குக் கீழே ஆள் இல்லையென்றால், எதிரணி ஒரு தடவை தவறவிட்டாலும் பந்தை எடுத்து மறுபடி போடும். ஊர்ப் பொட்டலில் ஆடுகிறவர்களுக்கும் தெரியும், ரீபவுண்ட் போனால் மேட்ச் போச்சு.

பனை மரக் கணக்கு

‘தென்னை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனை வச்சவன் பாத்துட்டுச் சாவான்’ என்று தென்மாவட்டங்களில் சொல்வார்கள். நெட்டை வீரர்கள் பனை ரகம். பலன் தாமதமாகத்தான் வரும்.

காரணம் உடம்பு. 13 வயதிலிருந்து 16 வயதுக்குள் பையன் மளமளவென்று வளரும்போது எலும்பு முந்திக்கொள்ளும். தசையும் நரம்பும் பின்னால் வரும். நேற்றுவரை சரியாக ஓடியவன் திடீரென்று தடுமாறுவான். முழங்காலுக்குக் கீழே வலி எடுக்கும். வளரும் வயதில் குதிக்கும் பிள்ளைகளுக்கு வரும் இந்த வலிக்கு மருத்துவத்தில் ‘ஆஸ்குட் ஷ்லாட்டர்’ என்று பெயர். ஓய்வும் அளவான பயிற்சியும் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். “வலிக்குதுனு சொன்னா சோம்பேறி” என்று ஓடவிட்டால் சிக்கல்தான்.

இன்னொரு காரணம், நாமே செய்யும் தவறு. பதினான்கு வயதுக்கு உட்பட்டோர் போட்டியில் ஆறடிப் பையனை வளையத்தின் கீழே நிறுத்தினால் போதும், கோப்பை வந்துவிடும். அதனால் அவனுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவோ, தூரத்திலிருந்து எறியவோ யாரும் கற்றுத்தருவதில்லை. பத்தொன்பது வயதில் அவன் எதிரே நிற்பவர்கள் எல்லாருமே ஆறடி ஆறு அங்குலம். அன்றைக்கு அவனுடைய உயரம் சாதாரணமாகிவிடும். கையில் வேறு வித்தையும் இருக்காது. பள்ளிக்குக் கோப்பை கிடைத்தது, பையனுக்கு ஆட்டம் கிடைக்கவில்லை.

சத்னம் சிங் சொல்லும் பாடம்

இந்தியக் கூடைப்பந்தில் இதற்குப் பெரிய சாட்சி சத்னம் சிங். பஞ்சாபின் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற சிறு கிராமத்துப் பையன். லூதியானா கூடைப்பந்து அகாடமியில் பயிற்சியாளர் எஸ்.சுப்பிரமணியனிடம் பயின்றார். 2010-ல், 14 வயதில், உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் உள்ள ஐஎம்ஜி அகாடமிக்குப் போனார். 2015-ல் ஏழடி இரண்டு அங்குல உயரத்தில் நின்ற அவரை, டல்லாஸ் மேவரிக்ஸ் அணி 52-வது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. என்பிஏ டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர் அவர்தான்.

ஊரே கொண்டாடியது. ஆனால் என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட அவர் ஆடவில்லை. டல்லாஸின் துணை லீக் அணியான டெக்சஸ் லெஜெண்ட்ஸில் அவ்வப்போது களமிறங்கினார். கல்லூரி அளவில் ஆடாமல் நேரடியாக வந்தவர் அவர். 19 வயதில் உயரம் முழுமையாக இருந்தது, ஆடிய நிமிடங்கள் குறைவாக இருந்தன. பிறகு ஊக்கமருந்து வழக்கில் 2020-ல் இரண்டு ஆண்டு தடை வந்தது. 2021-ல் அமெரிக்க மல்யுத்த நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தமானார்.

அடுத்து வந்தவர் பிரின்ஸ்பால் சிங், ஆறடி பத்து அங்குலம். லூதியானாவிலிருந்து 2017-ல் தொடங்கிய என்பிஏ அகாடமி இந்தியாவுக்கும், பிறகு ஆஸ்திரேலியாவின் கான்பெராவுக்கும் போனார். 2020-ல் அமெரிக்காவின் ஜி லீக் இக்னைட் அணியில் சேர்ந்தார். அங்கும் களத்தில் நின்ற நேரம் சொற்பமே.

இவர்களோடு அம்ரித்பால் சிங்கையும் வைத்துப் பார்க்க வேண்டும். பதின்வயது முடியும் நேரத்தில்தான் கூடைப்பந்துக்கே வந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. வெளிநாட்டு அகாடமி எதுவும் கிடையாது. உள்ளூர்ப் போட்டிகளிலும் இந்திய அணியிலும் ஆண்டுக்கணக்கில் ஆடித் தேறினார். 2014-ல் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா முதல்முறையாகச் சீனாவை 65-58 என்று வென்றபோது அணியில் இருந்தார். 2017-ல் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸ் அணி அவரை எடுத்தது.

மூன்று பேர் கதையிலும் ஒன்று தெளிவு. பயிற்சி எத்தனை வருஷம் என்பதோடு, நிஜ ஆட்டத்தில் எத்தனை நிமிடம் நின்றார் என்பதும் கணக்கு. சென்டர் எப்போது குதிக்க வேண்டும், எப்போது கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்க வேண்டும் என்பது ஆடி ஆடித்தான் வரும். சர்வதேச விதிப்படி ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே போக வேண்டும். இளம் சென்டர்கள் பலர் பாதி ஆட்டத்திலேயே நான்கு ஃபவுலோடு பெஞ்சில் உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

அணியை அடுக்குவது எப்படி?

சர்வதேசப் போட்டியில் ஓர் அணிக்கு 12 பேர். அதில் மூன்று அல்லது நான்கு பேர் நெட்டை வீரர்களாக இருப்பது வழக்கம். புத்திசாலி அணிகள் இவர்களை ஒரே வயதில் எடுப்பதில்லை. ஏணிப்படி மாதிரி அடுக்குகின்றன. முப்பதைத் தொட்ட அனுபவசாலி ஒருவர், இருபத்தைந்து வயதில் உச்சத்தில் இருப்பவர் ஒருவர், இருபது வயதில் கற்றுக்கொள்ளும் பையன் ஒருவன். மூத்தவர் விலகும்போது அடுத்தவர் தயாராக இருப்பார்.

என்பிஏவின் ஓக்லஹோமா சிட்டி தண்டர் இதற்கு நல்ல உதாரணம். 2022 டிராஃப்ட்டில் இரண்டாவது ஆளாக செட் ஹோம்கிரனை எடுத்தார்கள். ஏழடி உயரம், ஒல்லியான உடம்பு. பாதத்தில் அடிபட்டு முதல் சீசன் முழுக்க ஆடவில்லை. அணி அவரை விற்கவும் இல்லை, அவசரமாக இறக்கவும் இல்லை. 2024-ல் அனுபவமுள்ள ஐசையா ஹார்டன்ஸ்டைனை ஒப்பந்தம் செய்து, பாரத்தை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தது. 2025 ஜூனில் அந்த அணி சாம்பியன்.

சீனாவின் யாங் ஹான்சென் கதை நமக்கு இன்னும் நெருக்கம். ஏழடிக்கு மேல் உயரம் உள்ள அவரை 2025-ல் போர்ட்லாண்ட் அணி 16-வது ஆளாக எடுத்தது. அங்கே அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த டோனவன் கிளிங்கன் என்ற இன்னொரு இளம் சென்டர் ஏற்கெனவே இருக்கிறார். யாங் அமெரிக்கா போகும் முன்பே, சீனாவின் சொந்த லீக்கில் சிங்தாவ் அணிக்காகப் பெரியவர்களோடு மோதிப் பழகியிருந்தார். சத்னமுக்குக் கிடைக்காதது இதுதான்: சொந்த நாட்டில் பதின்வயதிலேயே மோத ஒரு முழுநீள லீக்.

தமிழ்நாட்டில் என்ன நிலைமை?

இங்கே ஆட்டத்துக்குப் பஞ்சமில்லை. டி.கல்லுப்பட்டியிலிருந்து மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் பெரியகுளத்தில், சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டிக்கு, கோடையில் வங்கி அணிகளும் ராணுவ அணிகளும் வரும். மின்னொளியில் நடக்கும் ஆட்டத்தைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்ப்பார்கள். கோவையில் ஆண்களுக்கு நாச்சிமுத்து கவுண்டர் கோப்பை, பெண்களுக்கு சிஆர்ஐ பம்ப்ஸ் கோப்பை. சென்னையில் ஐஓபி, இந்தியன் வங்கி, ஐசிஎஃப், தெற்கு ரயில்வே என்று வேலை கொடுக்கும் அணிகளின் வரிசை நீளம்.

அப்படியும் நெட்டை வீரர்களுக்கு வெளியே பார்க்க வேண்டியிருக்கிறது. தமிழ்நாட்டுக்காக ஆடிய முக்கியமான சென்டர்களில் ஒருவரான ரிக்கின் பெத்தானி குஜராத்தைச் சேர்ந்தவர். பெண்கள் பக்கம் சென்னையின் தெற்கு ரயில்வே அணிக்காக வளையத்தின் கீழே ஆட்சி செய்த ஆறடி இரண்டு அங்குல கீத்து அன்னா ஜோஸ் கேரளத்தவர். 2011-ல் அமெரிக்கப் பெண்கள் லீக்கின் தேர்வு முகாம்களுக்கு அழைக்கப்பட்டவர். வெளியிலிருந்து ஆள் வருவதில் தப்பே இல்லை. அவர்களுக்குப் பின்னால் நம் ஊர்ப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்களா என்பதுதான் கேள்வி.

வேலை கொடுக்கும் அணிகளுக்கு ஒரு சங்கடம் உண்டு. வேலை அறுபது வயது வரை. ஆட்டம் முப்பத்திரண்டு, முப்பத்து நான்கு வரை. காலியிடம் எப்போதாவது வரும்போது, நாளைக்கே கோப்பை ஜெயித்துத் தரும் ஆளைத்தான் எடுக்கத் தோன்றும். மூன்று வருஷம் கழித்துப் பலன் தரும் பத்தொன்பது வயது ஒல்லிப் பையனுக்கு அந்த நாற்காலி கிடைப்பது கஷ்டம். பள்ளி முடித்து வேலை கிடைக்கும்வரை உள்ள இந்த நாலைந்து வருஷ இடைவெளியில்தான் பல பையன்கள் பந்தைக் கீழே வைத்துவிடுகிறார்கள். கல்லூரி அணிகளும், 2025-ல் 25 வயதுக்கு உட்பட்டோருக்காகத் தொடங்கிய ஐஎன்பிஎல் புரோ போன்ற லீக்குகளும் நிரப்ப வேண்டிய பள்ளம் அது.

டி.கல்லுப்பட்டிப் பையன் என்ன செய்யலாம்?

மதுரை ரேஸ்கோர்ஸ் எம்.ஜி.ஆர். விளையாட்டரங்கம் இங்கிருந்து சுமார் 40 கி.மீ. தினமும் பள்ளி முடிந்து திருமங்கலம் வழியாகப் போய், இரவு திரும்புவது வளரும் பையனுக்கு ஆகாது. அவன் தூங்கும் நேரமும் சாப்பிடும் நேரமும்தான் அதில் குறையும். அதனால் விடுதி முக்கியம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதிகளில் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, பள்ளிப் படிப்பு நான்கும் சேர்ந்து கிடைக்கும். 7, 8, 9, 11-ம் வகுப்புகளில் சேர்வோருக்குப் பொதுவாகக் கோடையில் தேர்வு நடக்கும். ஒன்பதாம் வகுப்பைத் தவறவிட்டால் அடுத்த வாசல் பதினொன்றில்தான்.

பெற்றோர் பயிற்சியாளரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. பையனுக்குப் பந்தைத் தட்டி ஓடவும் தூரத்திலிருந்து எறியவும் கற்றுத்தருகிறீர்களா? முழங்கால் வலித்தால் ஓய்வு கொடுப்பீர்களா? படிப்புக்கு எத்தனை மணி நேரம்? “இவன் நின்னாலே போதும் சார், ஜெயிச்சிருவோம்” என்று மட்டும் பதில் வந்தால் யோசிக்க வேண்டும்.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. வயதுக்கு மீறிய உயரத்தோடு கையும் விரலும் அசாதாரணமாக நீண்டு, பார்வைக் குறைவும் இருந்தால், இதய ரத்தக்குழாயைப் பாதிக்கும் ‘மார்ஃபன்’ என்ற மரபுக் குறைபாடாக இருக்க வாய்ப்புண்டு. அமெரிக்காவின் ஏழடி வீரர் ஐசையா ஆஸ்டினுக்கு 2014-ல் டிராஃப்ட்டுக்குச் சில நாட்கள் முன்புதான் இது தெரியவந்தது. பெயர் டிராஃப்ட்டிலிருந்து விலகியது, உயிருக்கு ஆபத்து முன்கூட்டியே தெரிந்தது. அமெரிக்க வாலிபால் வீராங்கனை ஃப்ளோ ஹைமன் 1986-ல் ஜப்பானில் ஆட்டத்தின் நடுவே சரிந்து இறந்தார். காரணம் இதே குறைபாடு என்பது பிறகுதான் தெரிந்தது. இப்படிப்பட்ட பையனைக் களத்தில் இறக்கும் முன் மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் இதய ‘எக்கோ’ எடுத்துவிடுவது நல்லது.

வேலை? பதக்கம் வென்றவர்களுக்குத் தமிழக அரசுப் பணிகளில் 3 சதவீத ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது ஆடிச் சாதித்தவருக்கு. உயரத்துக்கு மட்டும் யாரும் வேலை தருவதில்லை. எனவே பட்டப்படிப்பும் கூடவே வர வேண்டும். ஆட்டம் கைவிட்டாலும் படிப்பு தாங்கும்.

பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் பையனுக்கு இன்று பதினான்கு வயது. எல்லாம் ஒழுங்காக நடந்தால், அவன் ஒரு நல்ல சென்டராகப் பெரியகுளம் மின்னொளியில் இறங்குவது இருபத்திரண்டு வயதில். அதுவரை அவனிடம் கோப்பை கேட்காத பள்ளி, நாற்காலி ஒதுக்கி வைக்கும் அணி, “வலிக்குதாடா?” என்று கேட்கும் பயிற்சியாளர் ஆகிய மூன்றும் கிடைக்க வேண்டும். உயரம் மட்டும்தான் அவனிடம் தானாக வந்தது.