மடிநோய்: ட்யூப் போடும் முன் பால் மாதிரி எடுங்கள்

கனகம்மாசத்திரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மழைக்காலம் வந்தால் இதே கதைதான். கறக்க உட்காரும்போது ஒரு காம்பு மட்டும் சூடாக இருக்கும். பால் திரிதிரியாக வரும். உடனே மருந்துக் கடைக்கு ஓடுவார்கள். பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்ட அதே மருந்து ட்யூப்பை வாங்கி வந்து காம்பில் ஏற்றுவார்கள். பால் கொஞ்சம் தெளிந்ததும் நிறுத்திவிடுவார்கள். வீக்கம் திரும்ப வரும். காம்பு கல்லாகி அடைத்துக்கொண்ட பிறகுதான் மருத்துவர் நினைவே வரும்.

மடிநோய்க்குப் பல கிருமிகள் காரணம். ஸ்டெஃபைலோகாக்கஸ் வகை, கறப்பவரின் கை வழியாக மாட்டுக்கு மாடு தாவும். ஈ.கோலை சாணச் சேற்றிலிருந்து ஏறும். ஒன்றைக் கொல்லும் மருந்து மற்றொன்றைக் கொல்லாமல் போகலாம். பாதியில் நிறுத்தினால் கிருமி அந்த மருந்துக்கே பழகிவிடலாம்.

ஆகவே முதல் வேலை பால் மாதிரி. அரசு கால்நடை மருந்தகத்தில் கிருமி நீக்கிய சிறு பாட்டில் கேளுங்கள். மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். முதல் சில பீச்சுகளைக் கழித்துவிட்டு, விரல் படாமல் பாட்டிலில் பிடியுங்கள். காதுவில்லையின் 12 இலக்க எண், எந்தக் காம்பு, தேதி மூன்றையும் எழுதி ஒட்டி, ஐஸில் வைத்து அன்றே ஒப்படையுங்கள். கால்நடை உதவி மருத்துவர் வழியாக அது மாவட்ட கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுக்கோ, மாதவரத்தில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கோ போக வேண்டும். முடிவு வரும்வரை சிகிச்சை காத்திருக்காது, மருத்துவர் தொடங்கிவிடுவார். ஆனால் ட்யூப் ஏற்றிய பிறகு எடுத்த மாதிரியில் கிருமி சிக்காமல் போகலாம். மறுபடியும் சொல்கிறேன்: மாதிரி முதலில், ட்யூப் பிறகு.

மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலில் துவண்டாலோ, மடி சில்லிட்டு நீலம் பாய்ந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காதீர்கள். கால்நடை மருத்துவ உதவிக்கான 1962 எண்ணுக்கு அழையுங்கள், கட்டணமில்லை. கற்றாழை, மஞ்சள், சுண்ணாம்பு அரைத்துப் பூசுவது தொடக்க வீக்கத்துக்கு உதவும். தேசிய பால்வள வாரியமே அதைப் பரிந்துரைக்கிறது. ஆனால் மாடு துவண்டுவிட்ட நிலையில் அதை மட்டும் நம்பி உட்காராதீர்கள்.

மருந்தகத்துக்குப் போனால், "டாக்டர் வெளியே போயிருக்கார்" என்ற பதிலோடு திரும்பும் விவசாயிகள் ஏராளம். மருத்துவர் எந்த நேரம் எங்கே இருப்பார் என்று ஒரு பலகையில் எழுதி வைக்கக்கூட முடியாதா? இது தொடர்ந்தால் முதல்வரின் உதவி எண் 1100-இல் புகாரைப் பதியுங்கள். திருவள்ளூர் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்து, ரசீதைக் கையோடு வாங்குங்கள்.

சிகிச்சைச் சீட்டில் மருந்தின் பெயர், எத்தனை நாள் போட வேண்டும், எத்தனை நாள் பாலை விலக்க வேண்டும் என்று எழுதச் சொல்வது உங்கள் உரிமை. அந்த நாட்களில் நான்கு காம்புப் பாலையும் கேனில் ஊற்றாதீர்கள். பால் சங்கத்தில் கொழுப்பும் இதரச் சத்தும் பார்க்கும் கருவி மருந்தெச்சத்தைக் காட்டாது. காய்ச்சினாலும் அது முழுதாகப் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது ஒரு குழந்தையாக இருக்கலாம்.

சிகிச்சைச் சீட்டுகளைத் தூக்கி எறியாதீர்கள், காப்பீடு கோரும்போது அவை உதவும். அடிப்படைக் கால்நடைக் காப்பீடு மாடு இறந்தால்தான் பணம் தரும். பால் அடியோடு வற்றினால் இழப்பீடு வேண்டுமென்றால், நிரந்தர முழு ஊனத்துக்கான பாதுகாப்பையும் கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். காதுவில்லை விழுந்துவிட்டால் உடனே தெரிவித்துப் புதிது போடுங்கள். இல்லையேல் கோரிக்கை நிற்காது.

தடுப்பு இதைவிட மலிவு. தினமும் முதல் பீச்சைக் கறுப்புக் கிண்ணத்தில் பீச்சிப் பாருங்கள், தரையில் பீச்சாதீர்கள். கட்டைவிரலை மடக்கிக் கறக்காமல் முழுக்கையால் கறங்கள். கறந்ததும் காம்பை அயோடின் கரைசலில் முக்குங்கள். காம்புத் துளை மூட அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை மாடு படுக்காதபடி தீனி போடுங்கள். நோய்ப்பட்ட மாட்டைக் கடைசியில் கறங்கள். புது மாடு வாங்கும்போது நான்கு காம்பையும் கறந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

இன்று மாலை கறவைக்கே அந்தக் கறுப்புக் கிண்ணத்தை எடுத்து வையுங்கள். ஒரு காம்பில் திரி தெரிந்தாலும் மருந்துக் கடைக்குப் போகாதீர்கள், மருந்தகத்துக்குப் போங்கள்.