தசைக்குச் செய்தி எட்டாவிட்டால்?

இந்தப் பக்கத்தைப் புரட்ட உங்கள் விரல் அசைந்தது அல்லவா? மூளையின் ஆணையை நரம்பு தசையிடம் கொண்டு சேர்த்தது. ஆனால் நரம்பின் நுனி தசையைத் தொடுவதே இல்லை! இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. 1 மில்லிமீட்டரை 20,000 கூறுகளாக்கினால், அதில் ஒரு கூறு அளவுதான் அதன் அகலம்.

செய்தி இதை எப்படிக் கடக்கிறது? நரம்பு நுனி அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருளை வெளிவிடுகிறது. அதைப் பெற்றுக்கொள்ளத் தசைச் செல்லின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது. அதற்கு ‘ஏற்பி’ என்று பெயர். அசிட்டைல்கோலின் வந்து பொருந்தியதும் ஏற்பியின் நடுவே ஒரு துளை திறக்கிறது, சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன, தசை சுருங்குகிறது. பிறகு ஒரு நொதி அசிட்டைல்கோலினைச் சிதைத்துவிடுகிறது.

ஏற்பிகள் குறைந்துபோனால் என்ன ஆகும்? ‘மயஸ்தீனியா கிரேவிஸ்’ என்ற நோய் வரும். தசை தொடர்ந்து வேலை செய்யும்போது நரம்பு வெளிவிடும் அசிட்டைல்கோலின் இயல்பாகவே சற்றுக் குறையும். ஏற்பிகள் நிறைய இருந்தால் இது தெரியாது. குறைவாக இருந்தால் தசை தளர்ந்துவிடும். ஆகவே, காலையில் நன்றாக இருப்பவருக்கு மாலையில் இமைகள் தொங்கும். பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரியும். சோற்றை மெல்லக்கூடத் தாடை சோரும். மூச்சுத் தசைகள் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

1934-இல் இங்கிலாந்தில் பணியாற்றிய மருத்துவர் மேரி வாக்கர், குராரே என்னும் அம்பு நஞ்சு உண்டாக்கும் தளர்ச்சியும் இந்நோயும் ஒத்திருப்பதைக் கண்டார். அந்த நஞ்சுக்கு முறிவான ஃபைசோஸ்டிக்மினை நோயாளிக்குக் கொடுத்தார். தளர்ந்த தசைகள் சிறிது நேரம் வலுப்பெற்றன! மேலே சொன்ன நொதியை அம்மருந்து தடுக்கிறது. எனினும் நோயின் மூலகாரணம் விளங்கவில்லை.

1973-இல் அமெரிக்காவில் ஜிம் பேட்ரிக், ஜான் லிண்ட்ஸ்ட்ராம் என்ற இரு அறிவியலார் மின்விலாங்கு மீனிலிருந்து ஏற்பிப் புரதத்தைப் பிரித்தெடுத்து முயல்களுக்கு ஊசி மூலம் செலுத்தினர். அப்புரதத்துக்கு எதிர்ப்பொருள் தயாரிப்பதே அவர்கள் நோக்கம். முயல்களோ தளர்ந்து விழுந்தன! மீனின் புரதத்தை எதிர்க்க உண்டான எதிர்ப்பொருள், முயல்களின் சொந்த ஏற்பிகளையும் தாக்கிவிட்டது. நோயாளிகள் பெரும்பாலோரின் இரத்தத்திலும் இத்தகைய எதிர்ப்பொருள் இருப்பது பின்னர் தெரியவந்தது.

இன்று இந்த எதிர்ப்பொருளைக் குறைக்கும் மருந்துகள் உள்ளன. எனவே, மாலையானால் ஒருவருக்கு இமை தொங்கி உடல் சோர்ந்தால், சோம்பேறி என்று கேலி செய்யாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லச் சொல்லுங்கள்.