கம்பம் பள்ளத்தாக்கின் இரு திருக்கோயிற் பெயர்கள்

பழந்திருக்கோயில்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கட்டடத்தின் தொன்மையையே வினவுவர். கட்டிய ஆண்டும் கோபுரத்தின் உயரமும் அறிந்த அளவில் மனநிறைவு கொண்டு மீள்வர். அக்கோயிலின் பெயர் தமிழில் எவ்வாறு உருப்பெற்றது என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே. தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள இரண்டு கத்தோலிக்கத் திருக்கோயில்களின் பெயர்களைக் கொண்டு அவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

மேகமலையின் அடிவாரத்தில், சண்முகாநதி அணைக்கு அணித்தே உள்ளது இராயப்பன்பட்டி. அவ்வூர்க் கோயில் பனிமய மாதாவின் பெயரால் வழங்குகின்றது. உத்தமபாளையத்திலிருந்து கம்பம் செல்லும் வழியிலுள்ள அனுமந்தன்பட்டிக் கோயில் தூய ஆவியாரின் பெயர் பெற்றது. இரண்டும் மதுரை உயர்மறைமாவட்டத்தைச் சார்ந்தவை.

முதற்கண் பனிமய மாதா என்னும் பெயரைக் காண்போம். நான்காம் நூற்றாண்டில், உரோமை நகரின் எஸ்குவிலின் குன்றின்மீது கோடைக்கால இரவொன்றில் பனி பெய்தது என்றும், அவ்விடத்தே மரியன்னைக்குக் கோயில் எழுந்தது என்றும் மரபுக்கதை ஒன்று உண்டு. அதனை நினைவுகூரும் திருநாள் ஆகஸ்டு 5. இவ்வழிபாடு போர்த்துகீசியர் வழியாக முத்துக்குளித்துறையை அடைந்தது. தூத்துக்குடியில் 1582-இல் இவ்வன்னைக்குக் கோயில் எழுந்தது. இன்றுள்ள கட்டடம் 1713-இல் அமைந்தது. அங்கு மக்கள் வழங்கிய பெயர் 'தஸ்நேவிஸ் மாதா' என்பதாம். 'பனிகளின்' எனப் பொருள்படும் போர்த்துகீசியச் சொற்களின் ஒலிபெயர்ப்பே 'தஸ்நேவிஸ்'. 'பனிமய' என்பது அதன் பொருள் உணர்ந்து ஆக்கிய பெயர்.

இப்பெயரில் ஒரு நயம் உண்டு. ஆகஸ்டு 5 ஆடித் திங்களில் வருவது. ஆனியும் ஆடியும் தமிழர் பெரும்பொழுதுப் பகுப்பில் முதுவேனில். பனிக்குரியவையோ மார்கழி முதல் பங்குனி வரையுள்ள திங்கள்கள். எனவே, முதுவேனிலில் பனியின் பெயரால் விழா எடுப்பது தமிழ் மரபறிந்தார்க்கும் வியப்பையே விளைக்கும். அவ்வியப்பே உரோமைக் கதையின் உயிர்நாடி என்க.

இனித் தூய ஆவியார் என்னும் பெயர். கத்தோலிக்கத் தமிழில் நெடுங்காலம் வழங்கியது 'இஸ்பிரீத்து சாந்து' என்னும் போர்த்துகீசிய வடிவமாகும். பின்னர்ப் 'பரிசுத்த ஆவி' என்றும், அதன்பின் 'தூய ஆவி' என்றும் அது மாறிற்று. ஒலியைக் கடன் பெறுதல், வடசொல்லைத் துணைக்கொள்ளுதல், தமிழ்ச்சொல் காணுதல் என மூன்று படிகள் இதன்கண் தெளிவாகத் தோன்றுகின்றன.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. இராயப்பர் என்பது பேதுருவுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வழங்கிய பழம்பெயர். ஆதலின் இராயப்பன்பட்டி அவரால் பெயர் பெற்றது என எளிதில் முடிவுகட்டத் தோன்றும். ஆயின் இராயன், அப்பன் என்னும் சொற்கள் சமயச் சார்பின்றியும் வழங்குவன. அவ்வூர்க் கோயிலும் பேதுருவின் பெயரால் அமைந்ததன்று. ஆவணச் சான்றின்றி ஒலியொப்புமை ஒன்றே கொண்டு ஊர்ப்பெயருக்குப் பொருள் காண்டல் ஆராய்ச்சி நெறியாகாது.

1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின் வழிபாட்டுத் தமிழ் விரைந்து மாறியது. 1995-இல் வெளிவந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு அம்மாற்றத்தை உறுதிப்படுத்தியது. இராயப்பர் பேதுருவாகவும், சின்னப்பர் பவுலாகவும், அருளப்பர் யோவானாகவும் வழங்கலாயினர். 'சிறியவர்' எனப் பொருள்படும் இலத்தீன் பெயரைச் சின்னப்பர் எனத் தமிழாக்கிய முன்னோரின் திறம் இதனால் மறைவுறுகின்றது. புதுச்சொற்கள் எளிமையுடையன என்பதில் ஐயமில்லை. எனினும் பழஞ்சொற்களைப் பிழையென ஒதுக்குதல் பொருந்தாது. பல தலைமுறையினர் அவற்றைச் சொல்லியே இறைவனை வேண்டினர்.

கட்டடம் பழுதுற்றால் செப்பனிடலாம். வழக்கொழிந்த சொல்லை அவ்வாறு மீட்டல் அரிது. ஆதலின் இத்திருத்தலங்களுக்குச் செல்லும் மாணவர்கள் கல்லறை எழுத்துகளையும், திருமுழுக்குப் பதிவேடுகளையும், முதிய உபதேசியார்களின் நாவில் எஞ்சியுள்ள செபமொழிகளையும் உரியோர் இசைவு பெற்றுப் படியெடுத்தல் வேண்டும். தமிழ்ச் சொல்வரலாறு எழுதப் புகுவார்க்கு அவையும் கல்வெட்டுகளே ஆகும்.