பின்னோக்கி ஓடும் வீடியோ ஏன் தடக்குகின்றது?

மாணவர்களே, பல்லூடகம் பற்றிப் படிக்கும்போது "நெருக்கல்" என்ற சொல்லின் வரைவிலக்கணத்தை மனனம் செய்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவோர் பலர். அச்சொல் உங்கள் ஒப்படையையே இடைநடுவில் நிறுத்திவைக்கும் சந்தர்ப்பம் ஒன்றை இங்கு பார்ப்போம்.

என்னிடம் படிக்கும் மாணவன் ஒருவன் பாடசாலை ஒப்படைக்காக மண்குடம் விழுந்து உடைவதைக் கைத்தொலைபேசியில் ஒளிப்பதிவு செய்தான். அதைப் பின்னோக்கி ஓடவிட்டால் ஓடுகள் ஒன்றுசேர்ந்து குடமாக எழும்ப வேண்டும். முன்னோக்கி ஓட்டியபோது காட்சி வழுக்கிக்கொண்டு போனது. பின்னோக்கித் திருப்பியதும் நின்று நின்று, படம் படமாக நகர்ந்தது. கடைக்காரர் ஒருவர் "கணினி பழசு, மாற்ற வேண்டும்" என்று சொல்லிவிட்டார். தகப்பனார் கடன் கேட்கவும் தொடங்கிவிட்டார். அந்த நிலையில்தான் விடயம் என்னிடம் வந்தது.

பழைய திரைப்படச் சுருளில் இந்தச் சிக்கல் இருக்கவில்லை. 1896 இல் லூமியர், சுவர் ஒன்றை இடிக்கும் காட்சியைப் படமாக்கினார். அதைப் பின்னோக்கி ஓட்டிக் காட்டியபோது விழுந்த சுவர் தானாக எழுந்து நின்றது. சுருளிலுள்ள ஒவ்வொரு சட்டகமும் தனித்தனி முழுப்படம் ஆகும். ஆகவே எந்தப் பக்கம் சுழற்றினாலும் வேலை ஒன்றே.

கைத்தொலைபேசி வீடியோ அவ்வாறானதன்று. 1920 × 1080 படப்புள்ளிகள் கொண்ட ஒரு சட்டகத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் 3 பைற்று வீதம் எடுத்தால் ஏறத்தாழ 6.2 மெகாபைற்று வரும். செக்கனுக்கு 25 சட்டகம் எனில் 155 மெகாபைற்று. இதை அப்படியே சேமிக்க முடியாது. எனவே 2003 இல் வெளியான எச்.264 போன்ற நியமங்களில் ஒரு சட்டகம் மட்டும் முழுமையாகப் பதியப்படும். அதற்குப் பின்வருபவற்றில், முன்னைய சட்டகத்திலிருந்து என்ன மாறியது என்பது மாத்திரமே பதியப்படும். இவ்வாறு ஒரு முழுச் சட்டகமும் அதைச் சார்ந்த மாற்றச் சட்டகங்களும் சேர்ந்தது ஒரு தொகுதி. (முன்னும் பின்னும் பார்க்கும் இன்னொரு வகைச் சட்டகமும் உண்டு. கணக்கு எளிதாக இருக்க அதை விட்டுவிடுகின்றேன்.)

இப்போது ஒரு தொகுதியில் 12 சட்டகங்கள் எனக் கொள்வோம். முன்னோக்கி ஓட்டும்போது கணினி 12 தடவை விரித்தால் போதும். பின்னோக்கி ஓட்ட முதலில் காட்ட வேண்டியது 12 ஆவது சட்டகம். அதைப் பெற 1 இலிருந்து 12 வரை அனைத்தையும் விரிக்க வேண்டும். அடுத்தது 11 ஆவது. மீண்டும் 1 இலிருந்து 11 வரை. இப்படியே போனால்,

12 + 11 + 10 + ... + 1 = 12 × 13 ÷ 2 = 78

கணிதப் பாடத்தில் படித்த கூட்டல் விருத்திதான் இது. நான் கலைப்பட்டதாரி, இந்தக் கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்த்த அன்றுதான் விருத்தியால் ஒரு பிரயோசனம் உண்டு என்று நம்பினேன். எக்ஸ்264 என்னும் இலவச மென்பொருள் இயல்பாக 250 சட்டகங்கள் வரை ஒரே தொகுதியாக வைக்க அனுமதிக்கும். அப்போது விடை 31,375.

விரித்த சட்டகங்களை நினைவகத்தில் வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பல மென்பொருள்கள் அதையே செய்ய முயல்கின்றன. 12 சட்டகத்துக்கு 75 மெகாபைற்றளவு போதும். 250 சட்டகத்துக்கு 1,500 மெகாபைற்றுக்கு மேல் வேண்டும். ஆக, மைய முறைவழி அலகின் நேரமா, நினைவகத்தின் இடமா, ஏதோ ஒன்றைக் கொடுத்தேயாக வேண்டும். முன்னோட்டப் படத்தைச் சிறிதாக்கிப் பார்ப்பதும் இங்கு அதிகம் உதவாது. சிறிதாக்குவதற்கு முன் பெரும்பாலும் முழுதாக விரித்தாக வேண்டும் அல்லவா!

திருத்தத் தொடங்குமுன் ஒரு சோதனை அவசியம். பின்னோக்கிய துண்டை மட்டும் இறுதிக் கோப்பாக வெளியேற்றி, சாதாரண இயக்கியில் ஓட்டிப் பாருங்கள். அது சீராக ஓடினால் தவறு முன்னோட்டத்தில் மட்டுமே, வீடியோவில் குறையில்லை. வெளியேற்றிய பின்பும் தடக்கினால் காரணம் வேறு. செக்கனுக்கு 25 சட்டகமுள்ள காட்சியைப் பாதி வேகத்துக்குக் குறைத்தால் ஒவ்வொரு சட்டகமும் இருமுறை தோன்றித் துள்ளும். பழைய கமெராக்களின் பின்னற் பதிவிலோ ஒரு சட்டகத்தினுள் அடுத்தடுத்த இரு நேரங்களுக்குரிய இரண்டு புலங்கள் உள்ளன. சட்டகங்களை மட்டும் திருப்பிப் புலங்களைத் திருப்பாவிடில் 6, 5, 4, 3, 2, 1 என வரவேண்டியது 5, 6, 3, 4, 1, 2 என வரும். காட்சி முன்னும் பின்னும் நடுங்கும். இதற்குப் புல ஒழுங்கை மாற்றுவதே வழி. புதிய கணினி வாங்கினாலும் நடுக்கம் போகாது.

அந்த மாணவனின் வீடியோ வெளியேற்றியபோது சீராக ஓடியது. பதிவு 4 நிமிடம். அவனுக்கு வேண்டியது 6 செக்கன். அதை மட்டும் வெட்டினோம். பிறகு ஒவ்வொரு சட்டகமும் முழுச் சட்டகமாக இருக்கும் வகைக்கு மாற்றினோம். ஷொட்கட் என்னும் இலவச மென்பொருளில் பின்னோக்கித் திருப்பும் கட்டளையே இவ்வாறான வகையொன்றைத் தெரிவுசெய்யச் சொல்லும். பிறீமியர் புரோவில் காலக்கோட்டின் மேலுள்ள சிவப்புக் கோடு பச்சையாகும்வரை அப்பகுதியை றெண்டர் செய்தாலும் போதும். கோப்பின் பருமன் கூடும் என்பது உண்மை. 6 செக்கனுக்கு அது ஒரு பொருட்டல்ல. 4 நிமிடத்தையும் மாற்றியிருந்தால் வன்றட்டில் இடம் தேட வேண்டி வந்திருக்கும்.

குடம் ஒழுங்காக எழும்பியது. கணினிக்கென்று ஒதுக்கிய பணம் விஞ்ஞான வகுப்புக் கட்டணத்துக்குப் போனதாகக் கேள்வி.

பயிற்சி வினா: ஒரு தொகுதியில் 15 சட்டகங்கள் உள்ளன. முதலாவது மட்டும் முழுச் சட்டகம். ஏனையவை ஒவ்வொன்றும் தமக்கு முன்னையதைச் சார்ந்தவை. எதையும் நினைவகத்தில் வைக்காமல் பின்னோக்கி ஓட்ட எத்தனை தடவை விரிக்க வேண்டும்? (விடை: 120)