18 மணி நேரம் உட்கார்ந்தே போனால் காலுக்கு என்ன ஆகும்?

சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு சுமார் 15,300 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல், பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலைத் தாண்டிப் போகும் விமானத்துக்கு 18 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது விலையைப் பார்க்கிறோம், நேரத்தைப் பார்க்கிறோம். அத்தனை நேரமும் மடங்கியே கிடக்கப்போகும் கால்களை யோசிப்பதில்லை.

கெண்டைக்கால் சும்மா இருந்தால்

பாதத்துக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏற வேண்டுமானால், கெண்டைக்கால் தசை சிரைகளை அழுத்தித் தள்ள வேண்டும். நடக்கும்போது அது தானாக நடந்துவிடுகிறது. மணிக்கணக்கில் அசையாமல் உட்கார்ந்தால் ரத்தம் தேங்கி, உள்ளே ஆழத்தில் இருக்கும் சிரையில் கட்டியாக உறையலாம். கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து.

4 மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் இந்த ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. விமானம் மட்டுமல்ல, பஸ், ரயில், காரிலும் இதே கதைதான். ஆனாலும் ஆரோக்கியமானவர்களில் சுமார் 6,000 பேரில் ஒருவருக்கே வருகிறது. பயந்து பயணத்தை நிறுத்த வேண்டாம்.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்?

அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், பிரசவமாகிச் சில வாரங்களே ஆனவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், முன்பே ரத்தக்கட்டி வந்தவர்கள். இவர்களுக்கு அழுத்தக் காலுறையோ ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசியோ தேவையா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரின் போட்டுக்கொள்ளாதீர்கள்.

இன்சுலின் போடுபவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டே கிளம்ப வேண்டும். சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் 12 அல்லது 13 மணி நேர வித்தியாசம், பகல் இரவாகிவிடும். மருந்துகள் கைப்பையிலேயே இருக்கட்டும்.

இருக்கையில் இருக்கும்போது

ஜன்னலோரம் உட்கார்ந்தால் பக்கத்தில் தூங்குபவரை எழுப்பத் தயங்கியே பலர் எழுவதில்லை. வயதானவர்களுக்கு நடைபாதையோர இருக்கையையே கேட்டு வாங்குங்கள். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கொரு முறையாவது எழுந்து நடக்கட்டும். எழ முடியாதபோது குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குவது, பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்குவது என மாற்றி மாற்றிச் செய்தாலே தசை வேலை செய்யும். காலடியில் பையைத் திணித்து இடத்தை அடைக்காதீர்கள்.

கழிப்பறைக்குப் போகச் சங்கடப்பட்டுத் தண்ணீரைத் தவிர்க்கும் அம்மாக்கள் நம் வீடுகளில் அதிகம். கேபின் காற்று மிகவும் வறண்டது. அவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள். மதுவும் தூக்க மாத்திரையும் அசையாமல் கிடக்க வைக்கும் என்பதால் இரண்டும் வேண்டாம்.

இறங்கிய பிறகும் கவனியுங்கள்

இரண்டு பாதமும் லேசாக வீங்கி, ஓரிரு நாளில் வடிந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்காலில் வலி, தொட்டால் சூடு, சிவப்பு என்றால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் ரத்தம் என்றால் உடனே அவசரப் பிரிவுக்கு. பயணம் முடிந்து சில வாரங்கள் கழித்தும் ரத்தக்கட்டி வரலாம். அப்போது நீண்ட பயணம் போய் வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.