ஒரு ராணி, மூன்று மொழி!

சகாரா பாலைவனத்துக்குச் சென்ற இரண்டு பிரெஞ்சு ராணுவ அதிகாரிகள், ஆன்டினியா என்ற ராணியிடம் சிக்கிக் கொள்கிறார்கள். அவள் அழகில் மயங்கிய ஒருவன், அவள் சொல் கேட்டு நண்பனையே கொன்று விடுகிறான்!

இது 1919-ல் பியேர் பெனுவா எழுதிய கதை. 1921-ல் ஊமைப் படமாக வந்தது. ஊமைப் படத்துக்கு மொழி ஒரு தடை அல்ல. இடையில் வரும் எழுத்தை மாற்றினால் போதும்.

பேசும் படம் வந்தது, சிக்கலும் வந்தது!

1932-ல் இதே கதையை ஜெர்மனியும் பிரான்சும் கூட்டாகப் படமாக்கின. டைரக்டர் பாப்ஸ்ட் ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று மூன்று முறை எடுத்தார். கதாநாயகன் மொழிக்கு ஒருவர். ராணி மட்டும் மாறவில்லை. ஜெர்மன் நடிகை பிரிகிட்டே ஹெல்ம் மூன்றிலும் அவரே நடித்தார்.

ஒரே ராணியிடம் மூன்று பேர், மூன்று மொழியில் மயங்கினார்கள்!