உங்க நாத்தான் யாரு?

ஞாயிறு காலையில ஆராதனையில கிட்டார் வாசிக்கிறோம். சனி ராத்திரி ஒரு மணிக்குப் போன்ல என்ன பார்த்தோம்னு நமக்கு மட்டும்தான் தெரியும். "இதுதான் கடைசி"ன்னு அழுது ஜெபிக்கிறோம். ரெண்டு வாரத்துல மறுபடியும் ஆபாசப் படம். ஏன் இப்படி?

தனிமை, டென்ஷன், அலுப்பு வரும்போது மூளை பழகின வழியைத் தேடுது. பார்த்து முடிச்சதும் வெட்கம். அந்த வெட்கத்தை மறக்க மறுபடியும் அதே படம். இந்தச் சுழற்சிக்குத் தீனி போடுறது ரகசியம்.

தாவீது ராஜாவும் மறைக்கத்தான் பார்த்தார். பத்சேபாள் விஷயத்தை மறைக்கப் போய், உரியாவின் கொலையில் முடிந்தது. நாத்தான் வந்து நேருக்கு நேர் பேசின பிறகுதான் ஒப்புக்கொண்டார். 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களை வாசிங்க. சுகமாக வேண்டுமென்றால் ஒருவருக்கொருவர் அறிக்கையிடணும் என்பதுதான் யாக்கோபு 5:16 தரும் ஆலோசனை.

அதனால இந்த வாரம் மூணு விஷயம் செய்யுங்க. வெளியே பேசாத, முதிர்ச்சியுள்ள ஒரு அண்ணன்கிட்டயோ (பெண்கள் ஒரு அக்காகிட்டயோ) மனசு திறந்து பேசுங்க. ராத்திரி போனை ஹால்ல சார்ஜ் போடுங்க. மறுபடி விழுந்தா, அன்னிக்கே அவங்ககிட்ட சொல்லிடுங்க.

படிப்பு, வேலை, குடும்பமே பாதிக்கப்படுதா? கவுன்சிலரைப் பாருங்க. கட்டுப்படுத்த முடியாத பாலியல் பழக்கத்தை, 2022-ல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் உலக சுகாதார நிறுவனம் சேர்த்திருக்கு. சிகிச்சை எடுக்கிறது விசுவாசக் குறைவு இல்லை.

தேவன் தாவீதைக் கைவிடலை. உங்களையும் கைவிட மாட்டார். அந்த ஒருத்தருக்கு இன்னிக்கே போன் பண்ணுங்க.